புளித்த கஞ்சி ஒட்டிய உறை

வந்தவர் அந்தக் காகித உறையை மேஜைமேல் வைத்ததுதான் தாமதம், நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார். தராசம்மா அசையவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை முகத்தருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தார்.

"துணிக்குப் போடற கஞ்சி. புளிச்சுப்போயிருக்கு. பசைக்குப் பதிலா இதைத் தடவி ஒட்டியிருக்காங்க," என்றார்.

"மேனேஜரும் அதையேதான் சொல்றாரும்மா. கஞ்சின்னா சலவைக்கூடம், சலவைக்கூடம்னா சலவைக்காரம்மா, அவ்வளவுதான் விஷயம்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டார்," என்றார் வந்தவர்.

தராசம்மா என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. அவர் முப்பது வருஷம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கையைத் தூக்க முடியவில்லை, காலை ஊன்ற முடியவில்லை என்று விண்ணப்பம் போடுகிறவர்களை நேரில் பார்த்து, அந்த 'முடியவில்லை' மெய்யா பொய்யா என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. கம்பெனி பக்கமும் சாயமாட்டார், கண்ணீர் பக்கமும் சாயமாட்டார் என்பதால் அந்தப் பெயர் வந்தது. ஓய்வுபெற்ற பிறகு ஊரில் யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். கணவரின் தங்கை, தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர், அண்ணிக்கு உதவியாக வந்து சேர்ந்தார். அவர் உதவி இல்லாமலே பல வழக்குகள் சீக்கிரம் முடிந்திருக்கும் என்பது தராசம்மாவுக்குத் தெரியும், ஆனால் ஒருநாளும் சொன்னதில்லை.

வந்தவர் ஆங்கில டீச்சர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கீழ்நிலை ஊழியர்களுக்கு மாலை நான்கிலிருந்து ஐந்துவரை வகுப்பு எடுக்கிறார். பரீட்சையில் தேறுகிறவர்களுக்கு வார்டு உதவியாளர் வேலை கிடைக்கும். ஆரம்பத்தில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு கடைசியில் மூன்றே பேர் மிஞ்சினார்கள்: சலவைக்காரம்மா, லிஃப்ட்காரர், சமையல்காரர்.

"திங்கட்கிழமை பன்னெண்டு மணிக்குக் கேள்வித்தாளை உறையில போட்டு ஒட்டி, வகுப்பறை மேஜை டிராயர்ல வச்சேன்," என்றார் டீச்சர்.

"பூட்டினீங்களா?" என்று நாத்தனார் பாய்ந்தார்.

"பூட்டு இருக்கு. சாவி தொலைஞ்சு ரெண்டு வருஷமாச்சு." டீச்சர் தலைகுனிந்தார். "நேத்து காலையில திறந்தா இந்த நாத்தம். யாரோ ஆவி காட்டிப் பிரிச்சு, படிச்சுட்டு, திரும்ப ஒட்டியிருக்காங்க. எங்க வகுப்பறையும் சலவைக்கூடமும் ஒரே நடையில அடுத்தடுத்து இருக்கு. ரெண்டையும் அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க. திங்கட்கிழமை மத்தியானம் அந்த மூணு பேரும் அந்தப் பக்கம் வந்து போயிருக்காங்க. வேற யாருக்கும் அந்தத் தாளால லாபம் இல்ல."

"புதுக் கேள்வித்தாள் தயார் பண்ணிட்டீங்களா?"

"நேத்தே பண்ணிட்டேன். பரீட்சை நாளைக்கு ஒன்பதரைக்கு நடக்கும். ஆனா சலவைக்காரம்மா பேரை அடிச்சுட்டாங்க. அவங்களுக்கு நாப்பத்தஞ்சு முடியப்போகுது. இந்தத் தடவை எழுதலன்னா வயசு வரம்பு தாண்டிடும், அப்புறம் எழுதவே முடியாது. இஸ்திரிப் பெட்டி வைக்கிற பலகைக்கு மேல வார்த்தைப் பட்டியலை ஒட்டி வச்சுக்கிட்டு ஒரு வருஷமா படிச்சவங்கம்மா அவங்க. என் வகுப்புலயே முதல் ஆள். திருடிப் படிக்கணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"அவங்களே ஏன் என்கிட்ட வரல?"

டீச்சர் பையிலிருந்து மூன்று நோட்டுப் புத்தகங்களை எடுத்து, ஒன்றைப் பிரித்துக் காட்டினார். "போன வாரம் எழுதச் சொன்ன பாடம் இது. இங்கிலீஷ்ல 'கான்ட்'னு ஒரு வார்த்தை. நம்ம பேச்சுல நீச்சல் தெரியாதும்போம், பாட்டு வராதும்போம், மூட்டை தூக்க முடியாதும்போம். அங்க எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும். உங்களால முடியாத அஞ்சு விஷயத்தை இங்கயே எழுதுங்க, ஆனா நிஜத்தைத்தான் எழுதணும், அப்புறம் எழுந்து சத்தமாப் படிக்கணும்னு சொன்னேன். சலவைக்காரம்மா எழுதினதைப் பாருங்க."

குண்டு குண்டான எழுத்தில் ஐந்து வாக்கியங்கள் இருந்தன. என்னால் வேகமாகப் படிக்க முடியாது என்பது முதலாவது. என்னால் யாரிடமும் உதவி கேட்க முடியாது என்பது கடைசி. தராசம்மா அந்தக் கடைசி வரியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நோட்டெல்லாம் எங்ககிட்டயே இருக்கட்டும். கிளம்பலாம்," என்றார்.

சலவைக்கூடத்தில் சலவைக்காரம்மா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். ஆட்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. நான்கு மூலையும் ஒன்றோடொன்று பொருந்த, ஒரு சுருக்கம் இல்லாமல், அடுக்கு வளர்ந்துகொண்டே போனது. நாத்தனார் மனசுக்குள் தன் வீட்டு அலமாரியை நினைத்து வெட்கப்பட்டார். பலகைக்கு மேலே சுவரில் வார்த்தைப் பட்டியல், ஆவி பட்டு ஓரமெல்லாம் சுருண்டு, இன்னும் ஒட்டியிருந்தது.

"நான் திருடலம்மா," என்றார் சலவைக்காரம்மா. "இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. டீச்சர் கூப்பிட்டாங்கன்னு வந்திருக்கீங்க. கேக்கறதைக் கேளுங்க."

"திங்கட்கிழமை கஞ்சி எங்க இருந்துச்சு?"

"நடையில பெஞ்சுமேல. ரெண்டு வாளி. சனிக்கிழமை காய்ச்சின ஒண்ணை மூட மறந்து புளிச்சுப்போச்சு, கொட்டறதுக்காக வச்சிருந்தேன். பக்கத்துலயே காலையில காய்ச்சின புதுக் கஞ்சி. சாயங்காலம் பூட்டும்போதுதான் பழசைக் கொண்டுபோய்க் கொட்டினேன்."

"பார்வைக்கு?"

"ஒரே வாளி, ஒரே வெள்ளை. கிட்டப் போனாலே தெரிஞ்சுடும், எது எதுன்னு."

"நீங்க மத்தியானம் இங்கயே இருந்தீங்களா?"

"எங்கம்மா இருக்கறது? துணி வண்டியைத் தள்ளிக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கிட்டே இருந்தேன். இஸ்திரி இயந்திரம் ஆவி விட்டுக்கிட்டு தனியாத்தான் கெடந்துச்சு."

நடைக்கு வந்ததும் நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தார். முகம் பல்பு போட்டதுபோலப் பிரகாசமாக இருந்தது.

"அண்ணி! நல்ல கஞ்சி பக்கத்துலயே இருக்கும்போது எவனாவது நாறின கஞ்சியை எடுப்பானா? சலவைக்காரம்மா எடுக்கவே மாட்டாங்க, எது எதுன்னு வச்சவங்களே அவங்கதானே. வாடையே தெரியாத ஆள்தான் எடுத்திருக்கணும்!"

"சரிதான்," என்றார் தராசம்மா.

அண்ணி வாயிலிருந்து 'சரிதான்' வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை. நாத்தனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பையைத் திறந்து லிஃப்ட்காரரின் நோட்டை எடுத்தார். வரும் வழியிலேயே அதைப் புரட்டி வைத்திருந்தார்.

"அப்ப இதைக் கேளுங்க. முதல் வரி. 'ஐ கான்ட் ஸ்மெல்.' என்னால் வாடை அறிய முடியாது! எழுதியே கொடுத்துட்டார் மனுஷன். டீச்சர் டிக் வேற போட்டிருக்காங்க."

"மத்த நாலையும் படி."

"என்னால் வேகமாக ஓட முடியாது. என்னால் பாட முடியாது. என்னால் என் சமையலைச் சாப்பிட முடியாது." நாத்தனார் சிரித்துவிட்டார். "பாவம், வீட்டுல சமையலும் இவர் தலையிலதான் போல. என்னால் சீக்கிரம் தூங்க முடியாது. அவ்வளவுதான். வாங்க, போய்ப் பிடிச்சுடலாம்."

"பிடிக்க வேணாம். லிஃப்ட்ல ஏறுவோம்," என்றார் தராசம்மா. உறையைத் தன் துணிப்பையில் மேலாக வைத்துக்கொண்டார்.

லிஃப்ட்காரர் கனத்த உடம்பும் கலகலப்பான வாயும் உள்ளவர். ஸ்டூலுக்குக் கீழே ஒரு சின்னத் தட்டில் ஆரஞ்சுத் தோல் காய்ந்து கிடந்தது. கதவு மூடி, லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டுவதற்குள் அவர் முகம் கோணியது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா, பையில சாப்பாடு ஏதாவது வச்சு மறந்துட்டீங்களா? என்னமோ கெட்டுப்போயிருக்கு. நாள் முழுக்க மருந்து வாடை, பினாயில் வாடைன்னு இந்தப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கேன், அதுக்காகத்தான் இந்த ஆரஞ்சுத் தோலே. உங்க பை அதையும் ஜெயிச்சுடுச்சு."

நாத்தனாரின் முகத்தில் பல்பு அணைந்தது.

"வீட்ல சமையல் யாருங்க? நீங்களா?" என்று தராசம்மா சாதாரணமாகக் கேட்டார்.

"நானா? அடுப்படிப் பக்கம் எட்டிப்பாத்தாலே வீட்டுக்காரம்மா கரண்டியைத் தூக்கிடுவாங்க. வெந்நீர் வைக்கக்கூட எனக்குத் தெரியாது."

மூன்றாவது மாடியில் இறங்கியதும் நாத்தனார் பொறுமை இழந்தார். "அண்ணி, இந்த ஆள் நோட்டுல பொய் எழுதியிருக்கார். மூக்கு நல்லாத்தான் இருக்கு. அப்ப மறுபடியும் சலவைக்காரம்மா தலையிலதானே வந்து விடியுது?"

"அவசரப்படாதே. கம்பெனியில இருந்தப்போ நான் ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். முடியாதுங்கறவனோட வாயைப் பாக்கக்கூடாது, வீட்டைப் பாக்கணும். நிஜமாவே கை தூக்க முடியாதவன் வீட்டுல எல்லாப் பாத்திரமும் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருக்கும். யாரும் சொல்லித்தர வேண்டாம், முடியாமை தனக்குன்னு ஏற்பாடு பண்ணிக்கும். லிஃப்ட்காரர்கிட்ட என்ன ஏற்பாடு பாத்தே?"

"ஆரஞ்சுத் தோல். அது வாடை தெரியறவனோட ஏற்பாடு." நாத்தனார் மெதுவாகச் சொன்னார். "சரி, சமையலறைக்குப் போவோம்."

ஆஸ்பத்திரிச் சமையலறையைப் பார்த்து அவர் வாயைப் பிளந்தார். இருநூறு பேருக்குச் சமைக்கிற இடம், ஆனால் ஒரு கரண்டி இடம் மாறி இல்லை. அடுப்புக்கு ஒன்றாக மூன்று அலாரக் கடிகாரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு சீட்டு, அதில் தேதியும் மணியும். உப்புக்கு ஓர் அளவுக் கரண்டி, மிளகுக்கு ஓர் அளவுக் கரண்டி, இரண்டும் சங்கிலியில் தொங்கின. நடுவயதுச் சமையல்காரர் ஒல்லியாக, கூச்சத்தோடு, கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினார். அலாரம் அடித்த அதே நொடியில் அடுப்பை அணைத்தார். மூடியைத் திறந்தும் பார்க்கவில்லை.

"இப்படியொரு சமையலறையை நான் என் வாழ்க்கையில பாத்ததில்ல," என்றார் நாத்தனார். அது முகஸ்துதி இல்லை.

"பழகிடுச்சும்மா. அளவும் நேரமும் சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்," என்றார் அவர். பால் பாத்திரத்தின் சீட்டைப் படித்துவிட்டு, மூலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் நீட்டினார். "அக்கா, ஒரு தடவை பாத்துடுங்க." அந்த அக்கா மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

தராசம்மா தன் துணிப்பையை அவரிடம் நீட்டினார். "கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? என் கண்ணாடி எங்க போச்சுன்னு தெரியல."

சமையல்காரர் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பையின் வாய் திறந்திருந்தது. உறை மேலேயே இருந்தது. கண்ணாடி தராசம்மாவின் தலையிலேயே இருந்ததால் அதைத் தேட அவருக்கு நிறைய நேரம் பிடித்தது. நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த அக்கா திடீரென்று கத்தியை நிறுத்தினார்.

"தம்பி, என்னமோ புளிச்ச வாடை வருதே."

சமையல்காரரின் முகம் வெளிறிவிட்டது. பையை மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்பு வரிசைக்கு ஓடினார். ஒவ்வொரு பாத்திரமாகக் குனிந்து, அதில் ஒட்டியிருந்த சீட்டின் தேதியைப் படித்துக்கொண்டே போனார். தராசம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"இன்னிக்கு நாலு மணிக்கு எல்லாரையும் வகுப்பறைக்கு வரச்சொல்லு. மேனேஜரும் வரணும்," என்றார் நாத்தனாரிடம். குரலில் சந்தோஷம் இல்லை.

நான்கு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். மேலாளர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. சலவைக்காரம்மா முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரரும் சமையல்காரரும் பின் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில், வழக்கமாக உட்காரும் இடத்தில், உட்கார்ந்திருந்தார்கள்.

"சீக்கிரம் முடிங்க மேடம், எனக்கு ஆயிரம் வேலை. கஞ்சி சலவைக்கூடத்துக் கஞ்சி. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்றார் மேலாளர்.

"எந்தக் கஞ்சின்னு நீங்க கேக்கவே இல்லையே," என்றார் தராசம்மா. "பெஞ்சுல ரெண்டு வாளி இருந்துச்சு. ஒண்ணு புதுசு, ஒண்ணு நாறினது. பத்து மாசக் குழந்தைகூட நாறினதுல கை வைக்காது. வச்சிருக்காங்கன்னா, அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்திருக்கணும். வாடையே தெரியாத ஒருத்தர். சலவைக்காரம்மா இல்ல. புளிச்சதை மூக்காலதான் கண்டுபிடிச்சு, கொட்டறதுக்காக எடுத்து வச்சாங்க."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தராசம்மா லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்க நோட்டுல முதல் வரியே 'ஐ கான்ட் ஸ்மெல்'. ஆனா இன்னிக்குக் காலையில என் பையை ரெண்டு நொடியில கண்டுபிடிச்சுட்டீங்க. வெந்நீர்கூட வைக்கத் தெரியாதுங்கறீங்க. நாலாவது வரியில உங்க சமையலை உங்களால சாப்பிட முடியாதாம். உங்களுக்குச் சமையலே கிடையாதே ஐயா, எதைச் சாப்பிட முடியல?"

எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. காது சிவந்துவிட்டது.

"பாத்து எழுதினேன்மா," என்றார், பள்ளிக்கூடப் பையன் குரலில். "எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே ஓடல. பக்கத்துல இருந்தவரு எழுதினதை அப்படியே வரி வரியா இறக்கிட்டேன். அர்த்தம்கூடப் பாக்கல. டீச்சர் மன்னிச்சுக்கணும்."

"பக்கத்துல இருந்தது யாரு?"

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தராசம்மா மூன்றாவது நோட்டைப் பிரித்து டீச்சரிடம் கொடுத்தார். "சமையல்காரர் நோட்டு. ரெண்டாவது வரியிலேருந்து அஞ்சாவது வரைக்கும் ரெண்டு நோட்டும் ஒண்ணு. வேகமா ஓட முடியாது, பாட முடியாது, என் சமையலைச் சாப்பிட முடியாது, சீக்கிரம் தூங்க முடியாது. முதல் வரி மட்டும் வேற. இதுல 'என்னால் நீந்த முடியாது'ன்னு இருக்கு. விரலால தடவிப் பாருங்க."

டீச்சர் தடவினார். "காகிதம் மெல்லிசா இருக்கு. பிளேடால சுரண்டி மேல எழுதியிருக்கு."

"சுரண்டினதை நம்மால படிக்க முடியாது. படிக்க வேண்டியதும் இல்ல. சுரண்டறதுக்கு முன்னாடியே பக்கத்து நோட்டுல ஒரு நகல் இறங்கிடுச்சு. நிஜத்தைத்தான் எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. ஒருத்தர் நிஜத்தை எழுதினார். எழுதினப்புறம் அதைச் சத்தமாப் படிக்கணுமேன்னு பயந்து அழிச்சுட்டார். இன்னொருத்தர் அதைத் தன் நோட்டுலேருந்து சத்தமாப் படிச்சுட்டார்."

நாத்தனார் இருக்கையை விட்டு எழுந்தேவிட்டார். "அந்த மூணு அலாரம்! பாத்திரத்துச் சீட்டு! பால் சரியா இருக்கான்னு அந்த அக்காகிட்ட கேட்டது! அண்ணி, நீங்க சொன்ன ஏற்பாடு அது!" சொல்லிவிட்டு, சமையல்காரரின் முகத்தைப் பார்த்ததும் அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

சமையல்காரர் எழுந்து நின்றார்.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, மூக்கு திரும்பல. பூவா, புகையா, எதுவும் தெரியல. ஒருநாள் கெட்டுப்போன சூப் வார்டுக்குக் கிளம்பிடுச்சு. அக்கா வழியில நிறுத்தினாங்க. சின்னப்பிள்ளைங்க வார்டு சார் அது. அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. சமையல்காரனுக்கு மூக்கு போச்சுன்னு எப்படிச் சொல்றது? சொன்னா அடுத்த நிமிஷம் வேலை போயிடும். இந்தப் பரீட்சை எழுதி வார்டு வேலைக்குப் போயிட்டா யாருக்கும் தெரியாம சமையலறையை விட்டுடலாம்னு நெனைச்சேன். இங்கிலீஷ் மண்டையில ஏறல. அதான் தாளை எடுத்தேன். எடுத்தும் பாதி கேள்வி புரியல."

"என் பேரை அடிச்சாங்களே, அப்ப எங்க போனீங்க?" என்று சலவைக்காரம்மா கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை.

"நேத்து மூணு தடவை மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் போனேன்க்கா. உள்ள போக முடியல."

சலவைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷத்தில் தராசம்மா எத்தனையோ பொய்யான 'முடியாது'களைப் பிடித்திருக்கிறார். நிஜமான ஒன்றைப் பிடித்தது அவருக்கு அவ்வளவு சுகமாக இல்லை. ஆனால் இந்த மனிதர், மூக்கே இல்லாமல் ஐந்து மாசம் இருநூறு பேருக்கு, அந்த ஒரு சூப்பைத் தவிர, ஒரு தப்பும் வராமல் சமைத்திருக்கிறார் என்பதையும், அந்த ஐந்து மாசமும் ஒவ்வொரு நாளும் எங்காவது ஒரு தப்பு வந்திருக்கலாம் என்பதையும் அவர் ஒரே தராசில் வைத்துப் பார்த்தார்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "சரி. சலவைக்காரம்மா பரீட்சை எழுதலாம். நோட்டீஸைக் கிழிச்சுடச் சொல்றேன்."

"கிழிச்சா போதாது சார்," என்றார் சலவைக்காரம்மா. "நான் திருடினேன்னு படிச்சவங்க எல்லாரும் நான் திருடலன்னும் படிக்கணும். நீங்களே எழுதி, அதே இடத்துல ஒட்டணும்."

மேலாளர் தராசம்மாவைப் பார்த்தார். தராசம்மா ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மேலாளர் டீச்சரிடம் ஒரு தாள் வாங்கி, அங்கேயே, முதல் தடவையாக உட்கார்ந்து, எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தவர் கோபத்தைச் சமையல்காரர் பக்கம் திருப்பினார்.

"உனக்குப் பரீட்சையும் கிடையாது, வேலையும் கிடையாது. நாளையிலேருந்து வராதே."

"சமையலறைக்கு வரவேணாம், அது சரி," என்றார் சலவைக்காரம்மா. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன் சார், மூக்கு டாக்டர் மூணாவது மாடியிலதானே உக்காந்திருக்கார்? அஞ்சு மாசமா இவரும் போகல. முதல்ல அங்க அனுப்புங்க. அப்புறம் ஒரு விஷயம். நான் பாஸ் பண்ணி வார்டுக்குப் போயிட்டா அழுக்குத்துணி பிரிக்கிற அறைக்கு யாரை வைக்கப்போறீங்க?"

அந்த அறையைப் பற்றி ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். வார்டுகளிலிருந்து வரும் துணிகளைப் பிரித்துப் போடும் இடம். கதவைத் திறந்தாலே குடலைப் பிரட்டும்.

"எனக்கு உதவின்னு இதுவரைக்கும் ஏழு பேரை அனுப்பினீங்க. ஒருத்தரும் ஒரு வாரம் தாண்டல. நாத்தம் தாங்க முடியலன்னு ஓடிட்டாங்க. நானும் பதினேழு வருஷமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். எங்க யாராலயும் முடியாத வேலை அது. இவரால முடியும். தேதி போட்டுச் சீட்டு ஒட்டறதுலயும் இவரை மிஞ்ச ஆள் இருக்காது, இப்பதானே இந்தம்மா சொன்னாங்க. எந்த வார்டுத் துணியும் ஒருநாளும் கலந்துபோகாது."

மேலாளர் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனாரும் துடைத்துக்கொண்டார், அவருக்கு ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"இரக்கப்பட்டுச் சொல்றேன்னு நெனைக்காதீங்க," என்று சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டே சலவைக்காரம்மா எழுந்து, மேலாளர் எழுதிய தாளை அவர் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டார். "கோவம் எனக்கு இன்னும் போகல. போக நாளாகும். ஆனா நாளைக்கு ஏழரைக்கு வந்துடுங்க, லேட் பண்ணாதீங்க. வேலையைச் சொல்லிக் கொடுத்துட்டு ஒன்பதரைக்கு நான் பரீட்சைக்குப் போகணும்."